கேட்கும் விலை, நிற்கும் விலை

ஒரு ஃபெராரியோ லம்போர்கினியோ போர்ஷேயோ இரண்டாம் கையாக விற்பனைக்கு வந்தால், விற்பவர் சொல்லும் நியாயங்கள் நான்குதான். "இன்றைக்குப் புதிதாக எடுத்தால் இதைப்போல இரண்டு மடங்கு ஆகும்." "இந்தியாவிலேயே இந்த மாடல் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கிறது." "எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை." "இது யார் வைத்திருந்த வண்டி தெரியுமா?" ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்கும், லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உறை போர்த்தி நிற்கும் வண்டிக்கும் இந்த நான்கும் பொது. இவற்றில் எது விலையைத் தாங்கும், எது தாங்காது என்று எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

இது பணக்காரர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய போர்ஷே பாக்ஸ்டரையும் லம்போர்கினி கயார்டோவையும் தேடி வருகிறவர்களில் மருத்துவர்கள் உண்டு, ஆடிட்டர்கள் உண்டு, கடன் வாங்கிச் சிறுவயதுக் கனவை நிறைவேற்றிக்கொள்ள வரும் மென்பொருள்காரர்கள் உண்டு. கணிப்பு தவறினால் போவது ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு.

சந்தை என்று ஒன்று இருக்கிறதா?

பழைய மாருதி ஸ்விஃப்ட்டுக்கு விலை சொல்ல நிபுணர் தேவையில்லை. அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே நிலை என்று எத்தனையோ வண்டிகள் நாள்தோறும் கைமாறுகின்றன. பத்து இடத்தில் விசாரித்தால் விலை தானாகத் தெரிந்துவிடும். அரிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த வசதி கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வண்டி அதே ஊரில் அதே மாதத்தில் விற்பனைக்கு வருவதே அபூர்வம். பெயர் மாற்றத்துக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் 29, 30 எண் படிவங்கள் உரிமையாளர் மாறியதைப் பதிவு செய்யும். என்ன தொகைக்குக் கைமாறியது என்பது ஊருக்குத் தெரியாது.

மேலை நாடுகளில் நிலைமை வேறு. 1962-ஆம் வருட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில், ஆர்.எம். சோத்பீஸ் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. பொது ஏலத்தில் கேட்டு, கொடுத்து, பதிவான விலை அது. அடுத்த ஜி.டி.ஓ.வை விற்பவரும் வாங்குபவரும் அதை வைத்துப் பேச முடியும். நம் ஊரில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கேட்கும் விலை மட்டுமே. "மார்க்கெட் ரேட்டே இதுதான் சார்" என்று ஒரு வியாபாரி சொன்னால், இன்னொரு வியாபாரி அதே விலை கேட்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். எட்டு மாதமாக அதே விலையோடு நிற்கும் வண்டி நமக்கு நிச்சயமாகச் சொல்லும் செய்தி ஒன்றுதான்: அந்த விலைக்கு ஆள் வரவில்லை.

கொடுக்க ஒருவர் தயார், வாங்க ஒருவர் தயார் என்றால் அதுதானே விலை, இதில் நியாயம் எங்கே வந்தது என்று கேட்கலாம். ஆயிரம் பேர் வாங்கி ஆயிரம் பேர் விற்கும் இடத்தில் அந்த வாதம் செல்லும். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு வாங்கிய விலை, அவர் விற்கப் போகும் நாளில் நிற்க வேண்டுமே! வாங்கிய மறுநாளே விற்க நேர்ந்தால் என்ன கிடைக்குமோ அதைத்தான் நிற்கும் விலை என்கிறேன். இந்த எடைபோடலுக்கு அதுவே அளவுகோல்.

புது வண்டி விலை என்னும் மாயை

முதல் நியாயத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து இந்தியத் துறைமுகத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கு வந்து சேரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள, முழுதாகக் கட்டப்பட்டு வரும் கார்களுக்கு இறக்குமதி வரி மொத்தம் 110 சதவீதம். 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியை 70 சதவீதமாகக் குறைத்தார்கள். கூடவே 40 சதவீதம் வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி சேர்ந்ததால் மொத்தச் சுமை அப்படியே நின்றது. ஆக ரூ. 2.10 கோடி. அதன்மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி.; ரூ. 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம். வியாபாரியின் லாபம், காப்பீடு இவற்றையெல்லாம் சேர்க்காமலேயே சாலைக்கு வரும்போது ஏறத்தாழ ரூ. 3.53 கோடி. அதில் கார் ஒரு கோடி. மிச்சம் இரண்டரைக் கோடி வரி.

இப்போது "மூன்றரைக் கோடி வண்டி, பாதி விலைக்குத் தருகிறேன்" என்ற பேச்சை நினைத்துப் பாருங்கள். பாதி விலை கொடுப்பவர், வேறொரு நாட்டில் அதே காரைப் புதிதாகவே வாங்கப் போதுமான தொகைக்கு மேல் முக்கால் கோடி கொடுக்கிறார். முதல் உரிமையாளர் அரசுக்குக் கட்டிய வரி காரின் உலோகத்தில் ஏறி உட்கார்ந்துவிடவில்லை. வரி மாறினால் அந்த அளவுகோலும் சேர்ந்தே மாறிவிடும். 2025 செப்டம்பர் 22 வரை இந்த வகைக் கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 20 சதவீத இழப்பீட்டு வரியும் இருந்தது. அன்று அது 40 சதவீதமாகக் குறைந்ததும் நம் கணக்குக் காரின் புது விலை ஒரே நாளில் இருபது லட்சம் இறங்கியது. கொட்டகையில் நின்ற பழைய வண்டிகளில் எத்தனை வண்டிக்குக் கேட்கும் விலை அன்றே இறங்கியது என்று விசாரித்துப் பார்த்தால், புது விலையை மேற்கோள் காட்டுவது எவ்வளவு ஒருதலைப்பட்சமானது என்பது புரியும்.

அப்படியானால் வெளிநாட்டு விலைதான் சரியான அளவுகோலா? அதுவும் இல்லை. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரை இந்தியாவுக்குள் சாதாரணமாகக் கொண்டுவர விதி இடம் தராது. லண்டனில் மலிவாகக் கிடைக்கும் பத்து வருடக் கயார்டோ மயிலாப்பூர்க்காரருக்குக் கிடைக்கவே கிடைக்காது. உள்ளே இருக்கும் வண்டிகள் உள்ளேதான் சுற்றிவர வேண்டும். ஆகவே இங்கே விலை கூடுதலாக இருப்பதில் நியாயம் உண்டு. புது விலையை உச்சவரம்பாகவும், அதே வயதுள்ள காரின் வெளிநாட்டு விலையை அடிவரம்பாகவும் வைத்துக்கொள்வதே முறை. இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி எங்கே நிற்கிறது என்பதை வேறு விஷயங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அரிது என்பதில் மூன்று வகை

இரண்டாவது நியாயம், அபூர்வம். குறைவாக இருக்கும் எல்லாமே விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குச் சென்னையே சாட்சி. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1; இஞ்சினோ பழைய வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர். தோற்றத்துக்கும் இழுவைக்கும் பொருத்தமில்லாமல் சில வருடங்களில் அந்தக் காரும் நின்றது, தொழிற்சாலையும் மூடியது. இன்று அது மிக அரிது. கோவாவின் சான் மோட்டார்ஸ் செய்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரும் அப்படித்தான்: ஃபைபர் உடல், ரெனோவின் 1.2 லிட்டர் இஞ்சின், எண்ணிக்கை மிகச் சொற்பம். இவற்றை ஆசையோடு காப்பாற்றி வைத்திருப்பவர்கள் மரியாதைக்குரியவர்கள். ஆனால் இவை அரிதாகப் போனதற்குக் காரணம் அன்றைக்கு வாங்க ஆள் இல்லாததே. வேண்டாத அபூர்வம் விலையாக மாறுவதில்லை.

இரண்டாவது வகை, சுங்க வரி உண்டாக்கிய அபூர்வம். லம்போர்கினி கயார்டோ 2003 முதல் 2013 வரை 14,022 வண்டிகள் உற்பத்தியானது. உலகக் கணக்கில் அந்த நிறுவனம் அதற்குமுன் எந்த மாடலையும் அவ்வளவு செய்ததில்லை. இந்தியாவில் குறைவாக இருப்பது அதன் குணத்தால் அல்ல; எல்லையில் நிற்கும் வரிச்சுவரால். சுவர் தாழ்ந்தால் அந்த அபூர்வமும் தாழும்.

மூன்றாவது வகைதான் உண்மையானது: குறைவாகச் செய்தார்கள், இன்றைக்கும் பலர் தேடுகிறார்கள், இனி செய்யப் போவதும் இல்லை. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36. பந்தயத்தில் வென்ற வரலாறும், ஒவ்வொரு சேசிஸ் எண்ணுக்கும் எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பும் அதற்கு உண்டு. நமக்கு எட்டும் உயரத்தில் பார்த்தால், கையால் கியர் மாற்றும் ஃபெராரி 360 மொடேனா, டர்போ இல்லாத இஞ்சின் கொண்ட சில போர்ஷே 911 மாடல்கள் இந்த வகையில் சேரும். கியர் கம்பியையும் உயர் சுழற்சியில் பாடும் இஞ்சினையும் புது வண்டிகள் கைவிட்டுக்கொண்டே வருவதால், இவற்றுக்குக் கூடுதல் விலை கேட்பது நியாயம்.

இந்த வகையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-ஐ முதலில் ஏறத்தாழ 400 வண்டிகள் மட்டுமே செய்வதாக இருந்தது. 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி மறைந்தார்; விலை கண்மண் தெரியாமல் ஏறியது. கடைசியில் 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வந்தன. 1990-களின் தொடக்கத்தில் சந்தை உடைந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு உயர்ந்த காருக்கே அந்தக் கதி என்றால், "இது ஏறிக்கொண்டேதான் போகும்" என்ற வாக்கை எந்தக் காருக்கும் நம்பக்கூடாது.

ஓடாத வண்டி, ஓடிய தண்ணீர்

மூன்றாவது நியாயம், குறைந்த கிலோமீட்டர். ஓடோமீட்டர் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வது இந்த வியாபாரத்தில் ஆகப் பெரிய பலவீனம். சரிபார்க்கக் கருவிகூட வேண்டாம். டயரின் பக்கவாட்டில், டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். 2016-இல் பதிவாகி ஆறாயிரம் கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் அந்த டயர் ஏன் வந்தது? ரப்பர் வயதாகி மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் பில் இருக்கும். பில்லும் இல்லை, நான்கு டயரிலும் நான்கு வேறு தேதி என்றால், ஓடோமீட்டர் சொல்வதை நம்பக் காரணமே இல்லை. பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்புத் தோல், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆறாயிரம் கிலோமீட்டரில் இவை தேயாது.

எண் உண்மையாகவே இருந்தாலும் அது முழு லாபம் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கும் கார் கெடும். 360 மொடேனாவின் டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் மட்டும் பார்த்து மாற்றுவதில்லை, வருடம் பார்த்தும் மாற்ற வேண்டும். விட்டால் இஞ்சினுக்கே ஆபத்து. நாடெங்கும் பங்க்குகளில் வந்துவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று வடிவமைக்காத பழைய எரிபொருள் குழாய்களையும் சீல்களையும் அரிக்கக்கூடியது. மாதக்கணக்கில் டேங்கில் தேங்கினால் இன்னும் மோசம். சாந்தோம் கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் மயிலாப்பூரில் உப்புக்காற்று அடிப்பகுதி போல்ட்டுகளையும் மின் இணைப்புகளையும் விடுவதில்லை. ஒழுங்காக ஓடி, வருடா வருடம் பணிமனை பார்த்த இருபதாயிரம் கிலோமீட்டர் வண்டி, போர்த்தி வைத்த நாலாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிடப் பெரும்பாலும் நல்ல வண்டி. வியாபாரத்தில் விலை மட்டும் தலைகீழாக இருக்கிறது.

சென்னைக்கே உரிய இன்னொரு சோதனை வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் நின்ற கார்கள் மூழ்கின. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்களே, பட்ட அனுபவம் அப்படி. எஸ்.யூ.வி. ஒன்றுக்கு முழங்கால் தண்ணீர் சமாளிக்கக்கூடியது. தரையை ஒட்டிப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த அளவில் தண்ணீர் இருக்கைக்குள் வந்துவிடும். தாழ்வாக இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் கட்டுகளும் நனைந்துவிடும். முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கி ஏலம் விட்ட வண்டிகள், வேறு ஊர் போய், பாலீஷ் ஏறித் திரும்பி வருவதுண்டு.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுங்கள். தினசரி உபயோகத்தில் வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே தேநீர்க் கறைபோல ஒரு கோடு குறுக்கே ஓடினால், தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதை அதுவே சொல்லிவிடும். அடுத்து இருக்கையை முன்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்தை இறுக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் பளபளக்க அங்கே மட்டும் துரு இருந்தாலோ, தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் மெல்லிய வண்டல் ஒட்டியிருந்தாலோ பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு நியாயமான தள்ளுபடி என்று எதுவும் கிடையாது. எந்த மின் இணைப்பு எந்த மாதம் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெயருக்கு விலை உண்டா?

நான்காவது நியாயம், பிரபலம் வைத்திருந்த வண்டி. சச்சின் டெண்டுல்கருக்கு, பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக 2002-இல் பரிசளித்த ஃபெராரி 360 மொடேனாவை நாடே அறியும். அதன் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்ததற்கு எதிர்ப்பு கிளம்ப, கடைசியில் ஃபியட் நிறுவனமே வரியைக் கட்டியது. 2011-இல் கார் சூரத்துக்குக் கை மாறியது. அந்த வண்டியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொதுப் பதிவு இருக்கிறது. யார் வைத்திருந்தது என்பதில் எவருக்கும் சந்தேகம் எழாது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பெயருக்காகக் கூடுதல் தருவது நியாயம்.

தியாகராய நகர் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் அவருடைய அம்பாசடரும் அதே ரகம். கார் சாதாரணமானது, வைத்திருந்தவரால் மதிப்பு வந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாத இடத்தில் இருக்கிறது. ஆனால் சந்தையில் காதில் விழும் "நடிகர் வண்டி" கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படிப்பட்ட ஆதாரம் இருக்காது. படப்பிடிப்புக்கு இரண்டு நாள் வாடகைக்குப் போன வண்டியும் நடிகர் வண்டியாகிவிடும். ஆர்.சி. புத்தகத்தின் பழைய பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தால் தொகை கூட்டலாம். இல்லையென்றால் அந்தக் கதைக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்கத் தேவையில்லை.

தாய்ப்பத்திரம் இல்லாத வண்டி

இந்த நான்கு நியாயங்களோடு விற்பவர்கள் சேர்க்காத ஐந்தாவது ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது: காகிதம். மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டையோ ஃப்ளாட்டையோ வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். முப்பது வருட வில்லங்கச் சான்று போடுவார். வக்கீலிடம் காட்டிக் கருத்து வாங்குவார். அதே மனிதர் அதே அளவு பணத்துக்குக் கார் வாங்கும்போது ஆர்.சி. கார்டின் இரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடுகிறார். இறக்குமதி காருக்கும் தாய்ப்பத்திரம் உண்டு. துறைமுகத்தில் சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரிதான் அது. அதிலுள்ள சேசிஸ் எண், மாடல் வருடம், கட்டிய வரி மூன்றும் வண்டியோடும் ஆர்.சி.யோடும் பொருந்த வேண்டும்.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் தெற்கிலேயே நிறைய. 2013 மார்ச்சில் வரி ஏய்ப்புச் செய்து இறக்குமதியான கார்களைத் தேடிச் சென்னையில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது நினைவிருக்கும். 2021 ஜூலையில், தூதரக அதிகாரிகளின் பெயரில் வரிவிலக்கோடு சொகுசுக் கார்களைக் கொண்டுவந்து விற்றதாக வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் வழக்குப் பதிந்தது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில், பூட்டான் வழியாக வந்து போலிப் பதிவு பெற்றதாகச் சந்தேகித்த வண்டிகளைக் கேரளம் முழுவதும் கைப்பற்றியது. இத்தகைய வழக்குகளில் வண்டியை இழந்து நிற்பவர் பெரும்பாலும் கடைசியாக வாங்கியவர். 2002-இல் இறக்குமதியான போர்ஷே கரேரா ஒன்றைப் பிறகு விலைக்கு வாங்கியவரிடம் சுங்கத்துறை வரி கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் இறக்குமதியாளர் அல்லர், அவரிடம் கேட்க முடியாது என்று தீர்ப்பானது. நியாயம் கிடைத்தது, ஏறத்தாழ இருபது வருடம் கழித்து.

இந்தியத் தயாரிப்பு என்றாலும் தப்பிக்க முடியாது. டி.சி. அவந்தி நம் நாட்டில் உருவான ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெருமையோடு வந்தது. 2020 டிசம்பரில் தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட அவந்தி ஒன்றை மும்பை போலீசார் பிடித்தார்கள். காட்டிய ஆவணங்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அதே இஞ்சின் எண், அதே சேசிஸ் எண்ணில் ஹரியாணாவில் இன்னொரு கார் பதிவாகியிருப்பதாகப் போலீஸ் தரப்பு சொன்னது. ஒரே காரைக் காட்டிப் பல கடன் வாங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நிறுவனர் திலீப் சாப்ரியா கைதானார். வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும், அந்த ஒரு செய்தியோடு நாட்டிலுள்ள எல்லா அவந்திகளின் விலையிலும் சந்தேகம் ஏறி உட்கார்ந்தது. உரிமை சந்தேகத்துக்கு இடமானால் அபூர்வம் ஒரு பைசா பெறாது.

பதிவு ஊரும் விலையில் ஒரு பங்கு. நம் சாலைகளில் பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி எண்ணோடு சொகுசுக் கார்கள் ஓடுவது, அங்கே வரி குறைவு என்பதால். அதை வாங்கித் தன் பெயருக்குச் சென்னையில் மாற்றுகிறவர் வண்டியின் வயதுக்கேற்ப இங்கே ஆயுட்கால வரி கட்டியாக வேண்டும். அந்தத் தொகையை விலையிலிருந்து கழிக்காமல் பேசுவது தவறு. 2017 ஜூலைக்கு முந்தைய இறக்குமதி என்றால் நுழைவு வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். நடிகர் விஜய் 2012-இல் இறக்குமதி செய்த ரோல்ஸ்ராய்ஸ் காருக்கான நுழைவு வரி வழக்கில் 2021 ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதியின் தீர்ப்பு வந்தது. அதில் அவரைப் பற்றி இடம்பெற்ற கடுமையான கருத்துகளைப் பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. வரிப் பாக்கி ஒன்று எத்தனை வருடம் கழித்தும் எழுந்து வரும் என்பதே அதிலிருந்து வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நாளைய விலை

வரிச்சுவர் என்றென்றும் இதே உயரத்தில் நிற்கப் போவதில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வணிக ஒப்பந்தம், ஒதுக்கீட்டு அளவுக்கு உட்பட்டு, கார் மீதான இறக்குமதி வரியைப் படிப்படியாக 10 சதவீதம் வரை இறக்க வழி செய்கிறது. ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன், லோட்டஸ் எல்லாம் அந்த நாட்டு வண்டிகள். புது வண்டியின் விலை இறங்க இறங்க, பழைய வண்டியின் உச்சவரம்பும் இறங்கும். இந்த நிலையில் அரிய காரை முதலீடு என்று சொல்லி விற்பதை ஏற்க முடியவில்லை.

வைத்திருக்கும் செலவும் சேர்ந்துகொள்ளும். புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பது ஊர்ப் பெருமை; ஃபெராரியின் கிளட்ச்சுக்கு அந்தப் பெருமை செல்லாது. பெரிய பழுதென்றால் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிப் பெரும்பாலும் வெளியூருக்கு அனுப்ப வேண்டும். கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்குகள் நான்கையும் மாற்றும் செலவுக்கு ஒரு நல்ல புதுக் குடும்பக் காரே வாங்கிவிடலாம். வாங்கும் விலையோடு இரண்டு வருடப் பராமரிப்பையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் அது என்ன விலை என்பது தெரியும்.

தீர்ப்பு

புது வண்டி விலையைக் காட்டிக் கேட்கும் விலையை நிராகரிக்க வேண்டும்; அது வரியின் நிழல். அபூர்வத்துக்கு மூன்றாம் வகையில் மட்டும் கூடுதல் தரலாம். குறைந்த கிலோமீட்டருக்குத் தொடர்ச்சியான சர்வீஸ் பில்கள் இருந்தால் மட்டும் மதிப்பு. பிரபலத்தின் பெயருக்கு ஆர்.சி.யில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் மதிப்பு. பில் ஆஃப் என்ட்ரி, கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம், வரி ரசீதுகள், முதல் நாளிலிருந்து சர்வீஸ் வரலாறு இத்தனையும் முழுமையாக உள்ள வண்டிக்கு, பக்கத்தில் நிற்கும் மலிவான வண்டியைவிட அதிகம் கொடுத்தாலும் அது நிற்கும் விலை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் தள்ளுபடி பேசி வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. அந்தக் குறை அடுத்து விற்கும்போது நம் தலையில் வந்து விழும்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டியைக் கழுவித் துடைத்துக் காட்டுவதற்கு முன் கோப்பை எடுத்து மேசைமேல் வையுங்கள்; நல்ல வண்டிக்கு நல்ல விலை தானே வரும். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆசைப்படுங்கள், ஓட்டிப் பாருங்கள், ஓட்டுவதற்காகவே வாங்குங்கள். கோப்பைக் காட்டத் தயங்குகிறவரிடம் மட்டும், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.